மூலம், வாயில், வடிகால்

"திரான்சிஸ்டரா? பாட்டு வருமா?"
வள்ளத்தின் அணியத்தில் நின்று கேட்டார் ஜுனைதீன்.
பாட்டு வராது, செய்தி வரும் என்றேன்.
"எத்தின மணிக்கு?"
ஈயம், கட்மியம், பாதரசம்.
அதற்கு மணிக்கணக்கு இல்லை.
வெற்றிலைச் சாற்றைக் குடாவில் துப்பிவிட்டு
அதையும் அளக்க ஏலுமா என்றார்.

கருவி என் சோற்றுப்பெட்டிக்குள் இருக்கிறது.
பாதி நகம் அகலத்தில் ஒரு சில்லு.
அதில் மூன்று இடங்கள்:
மூலம், வாயில், வடிகால்.
பாடக்குறிப்பில் யாரோ தமிழாக்கி வைத்த பெயர்கள்,
வளவு ஒன்றுக்கு வழி சொல்வதுபோல.
மூலத்திலிருந்து வடிகாலுக்கு மெல்லிய ஓட்டம்.
வாயிலில் ஆரும் வந்து ஒட்டினால்
ஓட்டம் கொஞ்சம் தயங்கும்.
அந்தத் தயக்கத்தைத்தான்
எண்ணாக எழுதிக்கொண்டு திரிகிறேன்.

கடல்நீரை அப்படியே விட்டால் ஒன்றும் பிடிபடாது.
உப்பு, திருவிழாக் கூட்டமாய்
வாசலை அடைத்து நிற்கும்.
பின்னால் தனியே வருகிற ஈயத்துக்கு
முகமே இருக்காது.
நூறுக்கு ஒன்றாய் ஐதாக்க வேண்டும்.
ஐதாக்கினால் ஈயமும் ஐதாகும்.
அது வேறு தலையிடி.

நான் எதிர்பார்த்துப் போனது சீனக்குடாவை.
பற்றைக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள்,
வெள்ளைக்காரன் விட்டுப்போன துரு,
யுத்தத்தில் அமிழ்ந்து எவரும் எண்ணாத இரும்பு.
விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.
காசு தருகிறவர்களுக்கும் அது பிடித்திருந்தது.

தாங்கி ஓரத்து நீர்: கோடு அசையவில்லை.
துறைமுக வாய்: அசையவில்லை.
கிண்ணியாப் பாலத்தடி, வற்று நேரம்: ஒரு தும்மல்.
மூன்றாம் நாள்
மட்டி பொறுக்கும் பெண்களின் முழங்காலடியில்
கோடு படியிறங்கியது.

கழுவிப் பார்த்தேன்.
சில்லைச் சந்தேகித்தேன், வெயிலைச் சந்தேகித்தேன்,
என் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வைத்தேன்.
புதுச் சில்லு போட்டேன்.
அதுவும் அதே படிகளால் இறங்கியது.

சேற்றோடு சேறாக ஏறினேன்,
பத்தடிக்கு ஒரு போத்தல்.
எண் கூடக் கூட ஒரு வீடு கிட்டியது.
தகர வேலி. பின்வளவில்
பிளந்த பற்றரிக் கோதுகள்.
அடுப்பில் தாச்சி,
தாச்சியில் பால்போல ஆடை கட்டிய ஈயம்.
சித்தி நஸ்லியா அகப்பையால் ஆடையை ஒதுக்கி
மணல் அச்சில் வார்த்துக்கொண்டிருந்தாள்:
வலைக்குண்டு.
கரையில் பாதி வலை இவள் குண்டில்தான் தாழ்கிறது.
தாச்சி கழுவிய தண்ணீர்
முருங்கையடியால் ஓடி வேலிக்குக் கீழே நுழைந்தது.

பெட்டியைத் திறந்து கோட்டைக் காட்டினேன்.
"ஒரு கரண்டி கூட நான் கடலுக்க ஊத்தல்ல."
கொஞ்சம் பொறுத்து,
"கழுவினது மட்டும்தான்."

அவளுடைய கடைக்குட்டி
ஆறிய குண்டுகளை அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தான்.
இருபத்தொன்பதுக்குப் பிறகு மறுபடி இருபது.
விரலை நக்கி, அடுத்ததை எடுத்தான்.

"இவன்ட கையப் பாக்க ஏலுமா?"
கிணற்று நீர் அரைக் கோப்பை.
முதலில் வெறும் நீரைப் பார்த்தேன், கோடு படுத்திருந்தது.
பிறகு அதற்குள்ளேயே அவன் கையைக் கழுவி
ஒரு துளி.
நல்ல தண்ணீர், ஐதாக்கத் தேவையில்லை.
திரையை அவள் பார்க்கவில்லை.
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
பார்த்தபடியே
காலால் அடுப்பு விறகை வெளியே இழுத்தாள்.

நாளை மூட்டுவாளா, தெரியாது.
ஆயிரம் குண்டுக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
ஆசுபத்திரிக் கடிதமொன்று எழுதிக் கொடுத்தேன்.
நாலாய் மடித்துப் பிடவைத் தலைப்பில் முடிந்தாள்.

அறிக்கைப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்:
மாசின் மூலம்.
இரண்டு இரவாக அது வெறுமையாய்க் கிடக்கிறது.
எழுதினால் ஒரு பெயர்,
எழுதாவிட்டால் தாங்கிகள்.

ஜுனைதீன் போன் எடுத்தார்.
"என்ன, செய்தி வந்திச்சா?"
உங்கட வலையில எத்தனை குண்டு என்றேன்.
"அது கிடக்கு முந்நூறு.
ஏன்?"